பீடோங் கடைவீட்டுக் கிளஸ்டர்: மெமரி சேனலிலிருந்து ஈ.எல்.சி.பி. வரை

கிளஸ்டரை, அதாவது சேர்ந்து ஒரே கணக்கைப் போடும் கணினிக் கூட்டத்தை, புதுப்பிக்கப் போகிறோம் என்றதும் எல்லாரும் முதலில் கேட்டது, "எத்தனை கோர் வரும்?" என்றுதான். கேட்பது இயல்பு. சிப்புக்குள் கணக்குப் போடும் அலகுதான் கோர்; விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் இருப்பது அதுதானே. ஆனால் நில அதிர்வுக் கணக்கு போடுகிறவர்கள் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இப்போது கையில் இருக்கும் கோர்கள் எதற்காகக் காத்துக் கிடக்கின்றன? அதற்குப் பதில் தெரியாமல் வாங்கினால், புதுக் கோர்களும் அதே இடத்தில் போய்க் காத்திருக்கும். எங்கள் வேலை முழுக்க அந்தக் காத்திருப்பைத் தேடிப் போனதுதான். கடைசியில் அது மெமரி ஸ்டிக்கில் தொடங்கி மின்பெட்டி வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

இடம் பீடோங். கெடாவில் சுங்கைப்பட்டாணிக்குச் சற்று வடக்கே, ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்களும் இப்போது பெரும்பாலும் செம்பனையும் சூழ்ந்த சின்னப் பட்டணம். வடக்கே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் புவி இயற்பியல் குழு இங்கே ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறது. கீழே களக் கருவிகள்: ஜியோஃபோன்கள் என்ற நில அதிர்வு உணரிகள், மின்தடை அளக்கும் கேபிள் சுருள்கள், சேறு ஒட்டிய எலக்ட்ரோடு கம்பிகள். மேலே பின்னறையில் கிளஸ்டர். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

ஏன் பீடோங்கில்? சுங்கை பத்து பக்கத்தில் இருக்கிறது. செமிலிங் போகும் வழியில் உள்ள அந்த அகழாய்வுத் தலத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள், கசடு, காற்று ஊதிய களிமண் குழாய்கள் எல்லாம் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. இந்தத் தலம் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு என்றால் நமக்குக் கடாரம். 1025இல் இராஜேந்திர சோழனின் கப்பல்கள் வந்த கடாரம். மண்ணைத் தோண்டுவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று மின்தடையையும் காந்தப்புலத்தையும் அளந்து பார்க்கலாம். இரும்புக் கசடு இரண்டிலுமே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். இது ஒரு வேலை.

இன்னொன்று நிலநடுக்கம். தீபகற்பத்தில் நிலநடுக்கமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26இல் சுமத்ரா கடலடியில் வந்த நடுக்கத்தின் சுனாமி, இங்கிருந்து வண்டியில் போய்விடக்கூடிய கோத்தா கோலா மூடாவை அடித்தது. 2007இல் பகாங்கின் புக்கிட் திங்கியில் சின்னச் சின்ன அதிர்வுகள். 2025 ஆகஸ்ட் 24 காலையில் ஜொகூர் செகாமட் பக்கம் 4.1 அளவில் ஒன்று. சுமத்ராவிலிருந்து வரும் நீண்ட அலைகள் கடற்கரைச் சேற்று மண்ணில் எவ்வளவு பெருகும் என்பதுதான் எங்கள் குழுவின் முக்கியக் கேள்வி. கிளஸ்டர் இருப்பதே பெரும்பாலும் அதற்காகத்தான்.

பழைய அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 8 நோடு, அதாவது 8 தனிக் கணினிகள். ஒவ்வொன்றிலும் 2 ஸியான் எக்ஸ்5650 சிப், ஆக 12 கோர். நோடுக்கு 24 ஜிபி மெமரி. இணைப்பு 1 கிகாபிட் ஈதர்நெட். இயங்குதளம் சென்ட்ஓஎஸ் 6, அதற்கான ஆதரவு 2020 நவம்பர் 30ஆம் தேதியோடு முடிந்துபோனது. வேலைகளை வரிசைப்படுத்த டார்க் என்ற நிரல். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மாணவர்கள் பாதிப் பேர் தங்கள் மடிக்கணினியிலேயே வேலையை முடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

வாங்குவதற்கு முன்னால் அளந்தது

கோர்களின் உழைப்பைக் காட்டும் டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் எல்லாக் கோரும் 100 சதவீதம் என்று காட்டும். அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. வட்டுக்காகக் காத்திருந்தால் டாப் தனியாகக் காட்டிவிடும். மெமரிக்காகக் காத்திருந்தால் காட்டாது. மெமரியிலிருந்து எண் வந்து சேரும்வரை கோர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும், டாப்பின் கணக்கில் அது உழைக்கும் கோர்தான். பெர்ஃப் என்ற கருவி, ஒரு கடிகாரத் துடிப்புக்கு எத்தனை கட்டளை முடிகிறது என்று எண்ணிச் சொல்லும். நில அதிர்வு அலை மண்ணில் எப்படிப் பரவும் என்று கணிக்கும் எங்கள் அலைக்கணக்கு நிரலில் அது 1க்கும் கீழே இருந்தது. நவீன சிப் ஒரு துடிப்புக்கு 2, 3 கட்டளைகளை முடிக்கக் கூடியது.

பெர்ஃப் தெரியாதவர்களுக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. அதே கணக்கை ஒரே நோடில் 4 கோரில் ஓட்டுங்கள், பிறகு 6, 8, 12. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் நோடில் 4லிருந்து 6க்குப் போனபோது நேரம் நன்றாகக் குறைந்தது. 8க்கும் 12க்கும் நடுவே வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். கடைசி 4 கோர்கள் மின்சாரத்தைத்தான் தின்றன. அடுத்து, அதே 8 கோர் வேலையை 2 நோடுகளுக்குப் பிரித்து ஓட்டினோம். மெமரிச் சுமை பாதியாகிறது என்பதால் வேகம் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை, குறைந்தது. அலைக்கணக்கில் நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, நேரத்தைச் சிறு சிறு படிகளாக நகர்த்துவோம்; ஒவ்வொரு காலப்படியிலும் பக்கத்துப் பகுதியின் எல்லை எண்களை வாங்கினால்தான் அடுத்த படிக்குப் போக முடியும். 1 கிகாபிட் ஈதர்நெட்டில் ஒரு சிறு செய்தி போய்ச் சேரவே பத்துக்கணக்கான மைக்ரோவினாடி ஆகிறது. ஒரு ஓட்டத்தில் காலப்படிகள் ஆயிரக்கணக்கில் வரும். ஆக இரண்டு இடத்தில் நெரிசல்: மெமரியில், பிறகு கம்பியில்.

மூன்றாவது நெரிசலை ஒரு ஆராய்ச்சி மாணவி கொண்டுவந்து காட்டினார். பூமியின் பின்னணி இரைச்சலை நிலையத்துக்கு நிலையம் ஒப்பிட்டு, இடையிலுள்ள நிலத்தின் அமைப்பைக் கண்டுபிடிப்பது அவருடைய ஆய்வு. 24 நிலையங்கள் என்றால் 276 ஜோடிகள். ஓராண்டுக்கு நாள்வாரியாகக் கணக்கிட்டால் 1,00,740 ஒப்பீடுகள். ஒவ்வொன்றிலும் 9 திசைச் சேர்க்கை. "அண்ணே, ஜாப் போட்டு ரெண்டு நாளாவுது, சிபியூ சும்மாவே கிடக்கு" என்றார். பார்த்தால், டாப்பே வட்டுக்காகக் காத்திருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

நில அதிர்வுத் தரவு நாளுக்கு ஒரு கோப்பாக, நிலையம்வாரியாக, திசைவாரியாகக் கிடக்கிறது. 24 நிலையம், 3 திசை, 365 நாள்: 26,280 கோப்புகள். அவருடைய நிரல் ஜோடி ஜோடியாக ஓடியது. ஒவ்வொரு நிலையமும் 23 ஜோடிகளில் வருவதால், ஒவ்வொரு கோப்பையும் 23 தடவை திறந்து படித்தது. 6,04,440 வாசிப்புகள், அத்தனையும் எல்லா நோடும் நெட்வொர்க் வழியே பகிரும் ஒரே என்.எஃப்.எஸ். சேமிப்பகத்திலிருந்து, ஒரே மெல்லிய கம்பி வழியாக.

சேர்ந்து உட்கார்ந்து சுழற்சியைத் திருப்பிப் போட்டோம். ஜோடிவாரியாக வேண்டாம், நாள்வாரியாகப் போகலாம். ஒரு நாளின் 72 கோப்புகளை ஒரே தடவை படித்து மெமரியில் வைத்துக்கொண்டு, 276 ஜோடிகளையும் அங்கேயே முடிப்பது. வினாடிக்கு 100 மாதிரி என்றால் ஒரு தடத்துக்கு, அதாவது ஒரு நிலையத்தின் ஒரு திசைக்கு, ஒரு நாளில் 86.4 லட்சம் எண்கள், சுமார் 35 எம்பி. 72 தடத்துக்கும் சேர்த்து 2.5 ஜிபி. பழைய நோடிலேயே தாராளமாக அடங்கும். ஒரு சென்ட் செலவில்லாமல், நாட்கணக்கில் இழுத்த வேலை ஒரே ராத்திரியில் முடிந்தது. புது வன்பொருள் கேட்டு விண்ணப்பம் எழுதுகிற எல்லாரும் முதலில் இந்த மாதிரி ஒரு தடவை தோண்டிப் பார்த்துவிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

அலைக்கணக்குக்கு அப்படி வழியில்லை. 100 கிலோமீட்டருக்கு 100 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் ஆழம், 200 மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் 5 கோடிப் புள்ளிகள். புள்ளிக்கு 12 எண்கள், எண்ணுக்கு 4 பைட்: 2.4 ஜிபி. நொடிக்கு ஒரு தடவை ஆடும் அலை, வினாடிக்கு 1 கிலோமீட்டர் வேகமுள்ள பாறையில் போனால், அலைநீளத்துக்கு 5 புள்ளி கிடைக்கிறது, ஓரளவு போதும். ஆனால் மெர்போக் கழிமுகத்துச் சேற்றில் குறுக்கலை வேகம் வினாடிக்கு 200 மீட்டர் என்று வைத்தால், புள்ளிகளை 40 மீட்டருக்கு நெருக்க வேண்டும். அப்போது மெமரி 125 மடங்கு, 300 ஜிபி. காலப்படியும் அதே அளவு சிறுக்க வேண்டியிருப்பதால் கணக்கு வேலை 625 மடங்கு. பழைய கிளஸ்டரின் மொத்த மெமரியே 192 ஜிபிதான். மேலே மட்டும் நெருக்கி, ஆழத்தில் தளர்த்திப் போடலாம். ஸ்பெக்ஃபெம்3டி போன்ற நிரல்கள் அதைத்தான் செய்கின்றன. அப்படிச் செய்தாலும் 24 ஜிபி நோடுகளில் மூச்சு முட்டியது. இங்கே வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஸ்டிக்கை மாற்றியதும் வந்த வேகம்

புதுசு வாங்கப் பணம் போதாது. அலுவலகங்களிலிருந்து கழித்துக் கட்டி, சோதித்து விற்கும் சர்வர்களில் 6 எடுத்தோம். ஒவ்வொன்றிலும் 2 ஸியான் ஈ5-2680 வி4. 14 கோர் வீதம் 28 கோர். 128 ஜிபி டி.டி.ஆர்.4 மெமரி. விலைக்கும் மின்செலவுக்கும் இந்தத் தலைமுறை எங்களுக்குச் சரியாக அமைந்தது.

பெட்டியைத் திறந்து முதலில் பார்த்தது மெமரி இடுக்குகளைத்தான். 32 ஜிபி ஸ்டிக்குகள் 4, சிப்புக்கு 2 வீதம். கூட்டினால் 128 ஜிபி, விற்றவர் சொன்னது சரிதான். ஆனால் இந்தச் சிப்புக்கு மெமரி சேனல் 4. 2 ஸ்டிக் மட்டும் போட்டால் பாதிச் சேனல் வெறுமனே கிடக்கும். தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் திறந்திருக்கும் குழாய் ரெண்டுதான் என்கிற நிலை. டி.டி.ஆர்.4-2400இல் ஒரு சேனல் வினாடிக்கு 19.2 ஜிபி கொடுக்கும். நான்கும் திறந்தால் சிப்புக்கு 76.8, நோடுக்கு 153.6. இது ஏட்டுக் கணக்கு.

நிஜக் கணக்குக்கு ஸ்ட்ரீம் என்ற சோதனை நிரல். ஜான் மெக்கால்பின் எழுதியது. மெமரி வேகத்தை அளக்க உலகம் முழுக்க அதைத்தான் ஓட்டுகிறார்கள். வந்த நிலையில் ஓட்டியபோது நோடுக்கு 60 ஜிபியைத்தான் தொட்டது. ஸ்டிக்குகளைத் திருப்பிக் கொடுத்து, 16 ஜிபி ஸ்டிக்குகள் 8 வாங்கிப் போட்டோம். கொள்ளளவு அதே 128. மதர்போர்டில் ஒவ்வொரு சேனலின் முதல் இடுக்கும் வெள்ளைத் தாழ்ப்பாள் போட்டு அடையாளம் காட்டப்பட்டிருக்கும். முதலில் அவற்றைத்தான் நிரப்ப வேண்டும். ஸ்டிக்கின் இரண்டு முனையையும் சமமாக அழுத்தினால் தாழ்ப்பாள் தானாக மேலே வந்து 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். ஒரு முனை மட்டும் பூட்டியிருந்தால் சர்வர் கிளம்பிவிடலாம், ஆனால் ஒரு சேனலைக் கண்டுகொள்ளாது. ஆகையால் கிளம்பியதும் டிஎம்ஐடிகோடு கட்டளையில் எந்தெந்த இடுக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். மறுபடி ஸ்ட்ரீம் ஓட்டினோம்: 120ஐ எட்டியது. கோர் அதே, மெமரி அளவு அதே; அலைக்கணக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம்.

கம்பிக்கு, ஈதர்நெட்டைவிட வேகமான இன்ஃபினிபேண்ட் என்ற இணைப்பு முறையின் பழைய சுவிட்ச் ஒன்றும் மெலனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-4 கார்டுகளும் கிடைத்தன. வினாடிக்கு 56 கிகாபிட். அதைவிட முக்கியம், சிறு செய்தி 1, 2 மைக்ரோவினாடியில் போய்ச் சேர்ந்துவிடும். முதல் தடவை இணைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கேபிளைச் செருகியதும் விளக்கு எரியும், ஐபிஸ்டாட் கட்டளையும் இணைப்பு வந்துவிட்டது என்று சொல்லும், ஆனால் நிலை மட்டும் 'இனிஷியலைசிங்' என்றே நிற்கும். கேபிளில் கோளாறு என்று கழற்றி மாட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஈதர்நெட் மாதிரி இது தானாக வழி கண்டுபிடிக்காது; முகவரி கொடுத்து வழி போட்டுத்தர ஒரு மேலாளர் நிரல் வேண்டும். நிர்வாகச் சிப் இல்லாத சுவிட்ச் என்றால் தலைமை நோடில் ஓபன்எஸ்எம் சேவையைக் கிளப்பிவிட்டால் போதும், எல்லாம் 'ஆக்டிவ்' ஆகிவிடும்.

மழை வந்தால் விழுந்த ஈ.எல்.சி.பி.

எல்லாவற்றையும் ரேக்கில் ஏற்றிச் சுவிட்சைப் போட்டோம். நன்றாக ஓடியது. சாயங்கால மழை, ஒரு இடி. மேல்மாடி முழுக்க இருட்டு. மின்பெட்டியில் ஈ.எல்.சி.பி. என்ற கசிவுப் பாதுகாப்புச் சுவிட்ச் விழுந்திருந்தது. மழை விட்டதும் தூக்கிவிட்டால் நிற்கும். மறுநாள் மறுபடி. எல்லா நோடையும் ஒரே நேரத்தில் கிளப்பினாலும் சில சமயம் விழுந்தது.

பட்டணத்தில் உரிமம் உள்ள வயர்மேன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். தோட்டத்து ஆலையில் நெடுநாள் வேலை பார்த்தவர். வந்தவர் பெட்டியைத் திறந்ததுமே சொன்னார்: "ஓவர்லோடா இருந்தா எம்.சி.பி. விழணும் தம்பி. இங்க விழறது ஈ.எல்.சி.பி. கரண்டு எங்கேயோ எர்த்துக்குப் போவுது." பிறகு ஒரு கவ்வு மீட்டரை எடுத்து, லைனையும் நியூட்ரலையும் சேர்த்து ஒரே கவ்வுக்குள் விட்டார். போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமாக இருந்தால் மீட்டர் பூச்சியம் காட்ட வேண்டும். காட்டியது 19 மில்லிஆம்பியர்.

எந்தச் சர்வரும் பழுதில்லை. கணினி பவர் சப்ளை ஒவ்வொன்றிலும் மின் இரைச்சலை வடிகட்ட, லைனிலிருந்து எர்த்துக்குச் சின்ன கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். அவற்றின் வழியாக எப்போதும் துளி கரண்டு எர்த்துக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒன்றுக்கு ஒரு மில்லிஆம்பியருக்கு முன்பின். 6 நோடுக்கு இரட்டைப் பவர் சப்ளை 12, சேமிப்பகத்துக்கு 2, தலைமை நோடுக்கு 2. ஆக 16 கசிவுகளும் ஒரே ஈ.எல்.சி.பி. வழியாக. 30 மில்லிஆம்பியர் ஈ.எல்.சி.பி. 30இல் கட்டாயம் விழ வேண்டும். 15 வரைக்கும் விழக் கூடாது. நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். நாங்கள் 19இல் நின்றுகொண்டிருந்தோம். ஈரம் ஏறினாலும், இடி மின்னலில் ஒரு துள்ளல் வந்தாலும், எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் மிச்சத்தைத் தாண்டிவிடும்.

சில இடங்களில் இந்தத் தொல்லைக்கு ஈ.எல்.சி.பி.யையே தாண்டி வயர் இழுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள். ஈரக் காலோடு களத்திலிருந்து ஏறி வரும் மாணவர்கள் தொடும் ரேக் இது. அண்ணனும் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. அவர் செய்தது: மின்பெட்டியிலிருந்து மேலறைக்கு இரண்டு தனி லைன்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக, கசிவுக்கும் சுமைக்கும் சேர்த்து விழும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.பி.ஓ., மின்னணுச் சாதனங்களுக்கு ஏற்ற 'ஏ' வகை. முனையில் சாதா 13 ஆம்பியர் பிளக் வேண்டாம், நீல நிற 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். ஒவ்வொரு நோடின் ஒரு பவர் சப்ளை முதல் லைனிலும் மற்றது இரண்டாம் லைனிலும். கசிவு லைனுக்கு 10 மில்லிஆம்பியருக்குள் வந்துவிட்டது. ஒரு லைன் விழுந்தாலும் நோடு மற்றதில் ஓடிக்கொண்டிருக்கும். முழுச் சுமை 2.5 கிலோவாட்; 230 வோல்ட்டில் 11 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே. அதனால் ஒரே லைன் மொத்தத்தையும் தாங்க நேர்ந்தாலும் சூடேறாது. பயாஸில், கரண்டு வந்ததும் நோடுகள் ஒரே நேரத்தில் எழும்பாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும்படி தாமதம் வைத்தேன். முதல் லைனில் 3 கே.வி.ஏ. யூ.பி.எஸ்., மின்பெட்டியில் இடி தாங்கி. அதற்கப்புறம் எத்தனையோ இடி மழை வந்து போய்விட்டது.

குளிர்ச்சி சுலபமான கணக்கு. 1 கிலோவாட் வெப்பம் என்றால் மணிக்கு 3,412 பி.டி.யூ. 2.5 கிலோவாட்டுக்கு 8,500. நம் கடைகளில் 1.5 ஹார்ஸ்பவர் என்று விற்கும் ஏர்கான் சுமார் 12,000. ஒன்று போதும், ஆனால் அது பழுதானால் அறை அரை மணியில் அடுப்பாகிவிடும். ஆகையால் இரண்டு, மாற்றி மாற்றி ஓட டைமர். ரேக்கின் பின்பக்கத் திறப்புகளில் நைலான் வலை அடித்திருக்கிறோம். சூடான பவர் சப்ளைக்குள் பல்லி புகுந்து ஷார்ட் ஆவது இந்த ஊரில் நிஜமான பிரச்சினை.

வட்டே இல்லை என்ற இன்ஸ்டாலர்

இயங்குதளம் ராக்கி லினக்ஸ் 9. சென்ட்ஓஎஸ் 7க்கே ஆதரவு 2024 ஜூன் 30ஆம் தேதி முடிந்துவிட்டதால் அதில் நிற்பதில் பொருளில்லை. 10க்குப் போகாததற்கும் காரணம் உண்டு. பழைய எக்ஸ்5650 நோடுகளில் இரண்டை மாணவர்கள் பழகுவதற்கு வைத்துக்கொள்ள நினைத்தோம். ராக்கி 10 ஏவிஎக்ஸ்2 என்ற புதுத் தலைமுறைக் கணக்குக் கட்டளைகள் தெரிந்த சிப்பைக் கேட்கும். அந்தப் பழைய நோடுகளுக்கு அதற்கு முந்தைய ஏவிஎக்ஸ்ஸே கிடையாது. 9க்கு அவை போதும்.

புது நோடுகளில் மடமடவென்று ஏறியது. பழைய நோடில் இன்ஸ்டாலர் வட்டே இல்லை என்றது. வட்டு சுழலும் சத்தம் காதில் விழுகிறது, பல வட்டுகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ரெய்டு கார்டின் திரையிலும் தெரிகிறது, இன்ஸ்டாலருக்கு மட்டும் தெரியவில்லை. காரணம், அந்த எல்.எஸ்.ஐ. 2108 சிப் கொண்ட ரெய்டு கார்டுகளின் ஆதரவை ராக்கிக்கு மூலமான லினக்ஸை வெளியிடும் ரெட்ஹேட், 8ஆம் பதிப்பிலேயே இயங்குதளத்தின் மையமான கர்னலிலிருந்து எடுத்துவிட்டது. டிரைவர் நிரல் உள்ளேதான் இருக்கிறது. அந்தச் சிப்பின் அடையாள எண்ணை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். எல்ரெப்போ என்ற தன்னார்வக் குழு அந்த எண்ணைத் திரும்பச் சேர்த்த டிரைவர் வட்டுப் படிமத்தை வெளியிடுகிறது. அதை ஒரு யூ.எஸ்.பி.யில் எழுதி, இன்ஸ்டாலர் கிளம்பும் வரியில் 'ஐஎன்எஸ்டி புள்ளி டிடி' (inst.dd) என்று சேர்த்தால் டிரைவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். வட்டு வந்துவிடும்.

பழகும் நோடுக்கு இது போதும். சேமிப்பகத்துக்கு இதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. கர்னல் பெரிய பதிப்பு மாறும்போதெல்லாம் வெளி டிரைவர் கூடவே வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். களத்தில் வெயிலில் நின்று சேர்த்த தரவு அதன்மேல் தொங்கக் கூடாது. அதனால் ரெய்டு கார்டை எடுத்துவிட்டு, கர்னலே ஆதரிக்கும் சாதா எஸ்.ஏ.எஸ். கார்டு போட்டு, 8 வட்டுகளில் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, இரண்டு வட்டு செத்தாலும் தாங்கும் முறையில். ரெய்டு கார்டு எழுதிய வட்டுகளை வேறு கார்டில் மாட்டினால் படிக்க வராது என்பதால், முதலில் எல்லாவற்றையும் ஆர்சிங் என்ற நகல் நிரலில் புது வட்டுக்கு நகலெடுத்து, கோப்புக்குக் கோப்பு செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்ட பிறகுதான் பழையதைக் கழற்றினோம்.

வேலைகளின் வரிசைக்கு இப்போது ஸ்லர்ம் என்ற நிரல். நோடுகள் ஒன்றையொன்று அடையாளம் காண மஞ்ச் என்ற சேவை. அதற்கு எல்லா நோடிலும் ஒரே சாவி, ஒரே நேரம். கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் அனுமதிச் சீட்டு காலாவதி என்று மறுத்துவிடும். கடிகாரங்களை ஒத்திசைக்கும் குரோனியை முதலில் சரிசெய்துவிட்டால் இந்தத் தலைவலி வராது. மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றே: ஜாப்புக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று நேர்மையாகப் போடுங்கள். நடுவில் கிடைக்கும் இடைவெளியில் சின்ன ஜாப்புகளை ஸ்லர்ம் செருகி ஓட்டிவிடும்; எல்லாரும் 7 நாள் என்று போட்டால் செருக இடமே கிடைக்காது.

பழைய ஃபோர்ட்ரானும் புதுக் கம்பைலரும்

குழுவின் சொந்த அலைக்கணக்கு நிரல் ஃபோர்ட்ரானில், பல மாணவர்கள் கை மாறி வந்தது. நிரலை இயந்திரக் கட்டளையாக்கும் கம்பைலர், சென்ட்ஓஎஸ் 6இன் ஜிசிசி 4.4இல் முனகாமல் கம்பைல் ஆனது. ராக்கி 9இன் ஜிசிசி 11இல் பக்கம் பக்கமாகப் பிழை. நோடுகளுக்கிடையே செய்தி அனுப்பும் எம்.பி.ஐ. நூலகத்தின் ஒரே சப்ரூட்டினை ஓரிடத்தில் முழு எண் அணியோடும் இன்னோரிடத்தில் தசம எண் அணியோடும் அழைப்பதை, ஜிசிசி 10 முதல் பிழையாகவே எடுத்துக்கொள்கிறது. 'அலவ் ஆர்கியுமெண்ட் மிஸ்மேட்ச்' என்ற கொடி போட்டால் அது எச்சரிக்கையாக இறங்கிவிடும். கொடியைப் போட்டு ஓட வைத்தோம். அப்புறம் மாணவியும் நானும் உட்கார்ந்து, பழைய தலைப்புக் கோப்பைச் சேர்க்கும் வரிகளை 'யூஸ் எம்.பி.ஐ.' என்று மாற்றிக்கொண்டே வந்தோம். அந்த எச்சரிக்கைக் குவியலுக்கு நடுவில் இரண்டு நிஜப் பிழைகளும் கிடைத்தன: அணியின் நீளம் தவறாகப் போன இரண்டு அழைப்புகள். கொடியோடு விட்டிருந்தால் அவை கண்ணில் பட்டிருக்காது.

புது நோடில் முழு வேகத்துக்குக் கம்பைல் செய்த நிரலைப் பழைய நோடில் ஓட்டினால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று விழும். ஆகையால் ஸ்லர்மில் இரண்டு தனிப் பிரிவுகள், தனித்தனிக் கம்பைல்.

கடைசியாக, விடை சரியா? பழைய கிளஸ்டரின் அலைவரியையும் புதியதன் அலைவரியையும் எண்ணுக்கு எண் ஒப்பிட்டால் கடைசி இலக்கங்கள் ஒத்துவராது. அது கோளாறு இல்லை. புதுச் சிப் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே அடியில் செய்து ஒரே தடவை முழுமையாக்கும். பழையது இரண்டு தடவை முழுமையாக்கும். எத்தனை துண்டாகப் பிரிக்கிறோமோ அதற்கேற்ப கூட்டும் வரிசையும் மாறும். ஆகையால் பழைய விடையோடு மட்டும் ஒப்பிடாமல், கையால் தீர்வு கண்ட ஒரு கணக்கோடு ஒப்பிட்டோம். 1904இல் ஹொரேஸ் லேம்ப் தீர்த்தது: அடியில் முடிவே இல்லாத ஒரே மாதிரியான நிலத்தின், அதாவது அரைவெளியின், மேற்பரப்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலை எப்படிப் போகும் என்பது. இரண்டு வரைகோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தோம். மேற்பரப்பில் ஓடும் ரேலே அலையின் உச்சி வந்து சேரும் நேரம், உயரம், வால், மூன்றும் பொருந்தின. பேராசிரியர் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே மெர்போக் மாதிரியை வரிசையில் போடச் சொன்னார்.

மீதமிருப்பது இவ்வளவுதான். இசட்எஃப்எஸ் வட்டுச் சாவைத் தாங்கும், தீயையும் திருட்டையும் தாங்காது. அதனால் களத் தரவின் இன்னொரு நகல் வாராவாரம் வளாகத்துக்குப் போகிறது. கீழேயிருந்து மேலே வரும் செப்பு நெட்வொர்க் கேபிளை ஃபைபராக மாற்ற வேண்டும், இடி அந்த வழியாகவும் வரும். ஜி.பி.யூ. கார்டு ஒன்று போடலாமா என்று கேட்கிறார்கள். ஸ்பெக்ஃபெம் அதில் ஓடும், ஆனால் அதற்கு முன் இப்போதுள்ள 168 கோரும் எதற்குக் காத்திருக்கின்றன என்று மறுபடி அளந்துகொண்டிருக்கிறேன். கழற்றிய 6 பழைய நோடுகளில் ஒன்றை மாணவி கேட்டு வாங்கி மேசைமேல் மூடி திறந்து வைத்திருக்கிறார். பட்டணத்து இடைநிலைப்பள்ளி மாணவர்கள் களப்பயணம் வரும்போது மெமரி ஸ்டிக்கைக் கழற்றி மாட்டக் கற்றுத்தர.